பொங்கலுக்கு முந்தின ராத்திரி

(பொங்கலை ஒட்டித் திருநெல்வேலியில் கூடிய வாசகர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



'இளைஞர்களும் விடுமுறையும்' என்று தலைப்புக் கொடுத்தால் பேச்சாளர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு கட்சி, பிள்ளைகள் கைப்பேசியைப் பார்த்தே லீவைத் தொலைக்கிறார்கள் என்று புலம்பும். இன்னொரு கட்சி, நாலு நாள் கிடைத்தால் புதிதாக ஒரு மொழி படி, ஒரு கோர்ஸ் முடி என்று புத்தி சொல்லும். அந்தப் பிள்ளை வீட்டுக்கு வந்து என்னதான் செய்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க இரண்டு கட்சிக்கும் நேரம் இருப்பதில்லை.

ஒரு பிள்ளையைப் பிடித்துக்கொள்வோம். வயது 24. பாளையங்கோட்டையிலோ அம்பாசமுத்திரத்திலோ வீடு, சென்னையிலோ பெங்களூரிலோ வேலை. நாலு பேர் சேர்ந்து எடுத்த வாடகை வீட்டில் ஜாகை, அல்லது மகளிர் விடுதியில். ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். அந்த வித்தியாசம் லேசானதல்ல, அதற்குப் பிறகு வருவோம். இப்படி ஒரு பிள்ளையை வெளியூருக்கு அனுப்பாத தெரு தாமிரபரணிக் கரையில் இன்று அரிது. இந்தப் பிள்ளைக்குப் பொங்கல் விடுமுறையில் சந்தோஷம் எங்கே கிடைக்கிறது? பொங்கலுக்கு முந்தின ராத்திரியிலும், பொங்கலுக்கு மறுநாளான கரிநாளிலும் என்பதுதான் இந்தப் பேச்சின் வாதம். நடுவில் இருக்கிற பொங்கல் நாள் சாமிக்கும் சாப்பாட்டுக்கும் உரியது.

கணக்குப்படி பார்த்தால் இந்த விடுமுறை நவம்பர் மாதத்தின் நடுவிலேயே தொடங்கிவிடுகிறது. ரயில் முன்பதிவுக் காலத்தை 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். ஆகவே பொங்கலுக்கு வர நினைக்கிற பிள்ளை, நவம்பர் நடுவில் ஒரு நாள் காலை 8 மணிக்குக் கைப்பேசியில் விரலை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். எழும்பூரிலிருந்து திருநெல்வேலிக்குத் தண்டவாளத்தில் சுமார் 650 கிலோமீட்டர். நெல்லை எக்ஸ்பிரஸ் ராத்திரி ஏற்றி விடியலில் இறக்கிவிடும். 2023 செப்டம்பரில் வந்த வந்தே பாரத் எட்டு மணி நேரத்துக்குள் கொண்டுவந்து சேர்க்கிறது. எந்த ரயிலானால் என்ன, பண்டிகை டிக்கெட் காப்பி ஆறுவதற்குள் தீர்ந்துவிடும். அப்புறம் முந்தின நாள் தட்கல்: ஏசிக்குக் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. அதுவும் கைவிட்டால் கிளாம்பாக்கம். 2023 டிசம்பர் 30-ல் அந்தப் பேருந்து நிலையம் திறந்த பிறகு, தெற்கே வருகிற பிள்ளை நகரத்துக்குள்ளிருந்து அங்கே போய்ச் சேர்வதே ஒரு தனிப் பயணம்.

இதில் அதிர்ஷ்டமும் துரதிர்ஷ்டமும் கலந்த ஒரு சரக்கு உண்டு. அதன் பெயர் ஆர்.ஏ.சி. பக்கவாட்டுப் படுக்கை ஒன்றை முன்பின் தெரியாத இருவர் பகிர்ந்துகொண்டு, காலை எங்கே நீட்டுவது என்று தெரியாமல் விடிய விடிய உட்கார்ந்து வருவது. ஆனால் நெல்லை ரயிலில் முன்பின் தெரியாத ஆள் என்பவர் செங்கல்பட்டு வரைதான்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"வீரவநல்லூரு."

"வீரவநல்லூர்ல எங்க?"

அதற்குமேல் பேச்சு நிற்காது. விழுப்புரம் வருவதற்குள் யாராவது ஒரு சித்தப்பா வழியில் இருவருக்கும் உறவு கண்டுபிடித்துவிடுவார்கள்.

இந்தக் காத்திருப்பையும் அலைச்சலையும் இவ்வளவு நேரம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நெதர்லாந்தில் 1,530 பேரை வைத்து விடுமுறைப் பயணம் பற்றி ஓர் ஆய்வு நடந்தது. யெரூன் நவைன் என்பவரும் சகாக்களும் செய்த அந்த ஆய்வு 2010-ல் வெளியானது. பயணம் போகப் போகிறவர்கள், போகாதவர்களைவிடப் போவதற்கு முன்பே கூடுதல் சந்தோஷத்தில் இருந்தார்கள். திரும்பி வந்த பிறகு பெரும்பாலோரிடம் அப்படி ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. மிக நிம்மதியாக விடுமுறை கழிந்தது என்று சொன்னவர்களிடம் மட்டும் கொஞ்ச நாள் மிச்சம் இருந்தது. டச்சுக்காரர்களுக்குப் பொங்கல் தெரியாது. ஆனால் டிக்கெட் உறுதியாகிவிட்டது என்று நவம்பரில் வருகிற குறுஞ்செய்தி ஒரு பிள்ளையின் இரண்டு மாதத்தை எப்படி நகர்த்துகிறது என்பதை அவர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள்.

லீவு கிடைப்பது வேறு கதை. 2025 பொங்கலுக்குத் தமிழக அரசு ஜனவரி 14, 15, 16 தேதிகளோடு 17-ஐயும் சேர்த்து விடுமுறையாக்கியது. சனி ஞாயிறையும் கூட்டினால் ஆறு நாள். ஈடாக 25-ம் தேதி சனிக்கிழமை வேலை நாளானது. ஆனால் அது அரசு அலுவலகத்துக்கும் பள்ளிக்கும். தனியார் அலுவலகத்தில் இருக்கிற பிள்ளைக்கு அப்படி வாரி வழங்க ஆளில்லை. பெங்களூரில் இருந்தால் அங்கே சங்கராந்தி ஒரே நாள். மீதியை மேலதிகாரியிடம் கெஞ்சித்தான் வாங்க வேண்டும்.

கோவில்பட்டி தாண்டியதும் பாதிப் பெட்டி விழித்துக்கொள்ளும். மணியாச்சியில் பைகள் கீழே இறங்கும். நிலையத்து வாசலில் அப்பா வண்டியோடு நிற்பார், அதிகம் பேச மாட்டார். வீட்டு நடையில் அம்மா பார்த்ததும் சொல்கிற முதல் வாசகம் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: "ஏல, இப்படி மெலிஞ்சு போய்ட்டியே." பிள்ளை ஐந்து கிலோ கூடி வந்திருந்தாலும் இதில் மாற்றம் கிடையாது. பிறகு ஆச்சி அழைத்துக் கன்னத்தைத் தடவிப் பார்ப்பாள். இட்லி வரும். அதற்கப்புறம் ஒரு தூக்கம். அலாரம் வைக்காத தூக்கம். இந்த வயதில் இதைவிடப் பெரிய சொத்து சிலருக்கே வாய்க்கும்.

மாலையில்தான் ஊர் கண் திறக்கும். சந்தைப் பக்கம் போனால் கரும்புக் கட்டுகள் சுவரில் சாய்ந்திருக்கும். மஞ்சள் கொத்து இலையோடு வாசனையாக இருக்கும். மண்ணில் செய்து வெள்ளையும் காவியும் பூசிய அடுப்புக்கட்டிகள் மூன்று மூன்றாக அடுக்கியிருக்கும். எரிக்கப் பனையோலை வேண்டும். கிழங்கு வகை தனி வரிசை: சிறுகிழங்கு, சேனை, சேம்பு, கருணை, சீனிக்கிழங்கு. அம்மா எழுதிக் கொடுத்த சீட்டு கையில் இருந்தாலும், கருணை எது சேம்பு எது என்று தெரியாமல் பிள்ளை விழித்துக்கொண்டு நிற்கும். கடைக்கார அண்ணாச்சி சிரித்துக்கொண்டே எடுத்துப் போடுவார். இந்த நாலு தெரு நடையில் பள்ளிக்கூடத்து சேக்காளிகள் மூன்று பேராவது எதிரே வருவார்கள். ஒருவன் துபாயிலிருந்து வந்திருப்பான். ஒருவன் ஊரிலேயே பேன்சி ஸ்டோர் வைத்திருப்பான். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் கரைந்துவிடும்.

பனங்கிழங்கைப் பற்றித் தனியாகச் சொல்லாமல் போனால் நெல்லைக்காரர்கள் மன்னிக்க மாட்டார்கள். பனங்கொட்டையை மண்ணில் பாத்தி கட்டிப் புதைத்து, அது வேர்விட்டுக் கிழங்கு வைத்து, தை மாதத்தை ஒட்டித் தோண்டி எடுக்கிறோம். மஞ்சளும் உப்பும் போட்டு அவித்தால் போதும். தோலை உரித்து, இரண்டாகப் பிளந்து, நார் நாராகக் கிழித்து மெதுவாகத்தான் தின்ன முடியும். அவசரமாகத் தின்ன முடியாத பண்டம் என்பதால்தான் அது பேச்சுக்கு வாகான பண்டம். ஒரு கிழங்கு தீர்வதற்குள் அக்காள் வீட்டு விவகாரம் முழுவதும் தெரிந்துவிடும். வாழ்க்கையின் இந்தச் சின்ன அசைவுகளை எழுத இந்த ஊரில் ஆள் பஞ்சம் இருந்ததில்லை. வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே எழுதிய வண்ணதாசனுக்கு 2016-ல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்த சிறுகதைத் தொகுப்பின் பெயரே 'ஒரு சிறு இசை'.

இனி அந்த ராத்திரி.

பத்து மணிக்குமேல் தெருவைப் பாருங்கள். வாசல் தெளித்துப் பெருக்கி, ஒவ்வொரு வீட்டின் முன்னும் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். மார்கழி முழுக்க இட்ட கோலங்களுக்கெல்லாம் மேலான பெரிய கோலம் அன்றைக்கு. சென்னையில் கணினி முன் குனிந்திருந்த பெண் இங்கே புள்ளிக்கு மேல் குனிந்திருப்பாள். சேலையைத் தூக்கிச் செருகிய மதினி ஒரு மூலையில் கலர்ப்பொடி தூவுவாள். எதிர்வீட்டுப் பிள்ளைகள், "ஏட்டி, உங்க மயிலுக்குக் கழுத்து கோணலா இருக்கு" என்று கத்துவார்கள். மணி பன்னிரண்டாகும். மற்ற நாளில் எட்டு மணிக்குமேல் கடைக்குப் போகக் கேட்டால், "துணைக்கு யாரு?" என்று வருகிற வீடு அது. அதே வீடு இந்த ஒரு ராத்திரி ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்துபோட்டுவிட்டுத் தூங்கும். தெரு முழுக்கப் பெண்கள் கையில். இளம்பெண் ஒருத்திக்கு ஊரில் கிடைக்கிற விடுமுறைச் சந்தோஷங்களில் இதற்கு ஈடு சொல்ல இன்னொன்று இல்லை. மணலில் வரைந்த அந்த மயில் விடிந்தால் கால்பட்டுக் கலையும் என்பது அவளுக்கும் தெரியும், அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

ஆண்பிள்ளைகளுக்கு அந்த ராத்திரி திண்ணையிலும் டீக்கடையிலும் கழியும். சில வருஷம் சினிமாவில். 2023 ஜனவரி 11 அன்று 'துணிவு'ம் 'வாரிசு'ம் ஒரே நாளில் வந்தபோது டிக்கெட் கிடைத்தவன்தான் தெருவில் பெரிய மனிதன். அது தெரிந்த கதை, விட்டுவிடுவோம்.

பொங்கல் நாள் வேகமாகப் போய்விடும். இருட்டோடு எழுப்பிவிடுவார்கள். வாசலில் அடுப்புக்கட்டி வைத்து, பனையோலை எரித்து, பால் பொங்கும்போது குலவையும் 'பொங்கலோ பொங்கல்' சத்தமும். குத்துவிளக்கு, தலைவாழை இலை, படையல். கிழங்கும் நாட்டுக்காயும் போட்ட குழம்பு, அவியல். பெரியவர்கள் காலில் விழுந்தால் கைச்செலவுக்குப் பணம். சம்பளம் வாங்கும் பிள்ளைக்கும் நூறு ரூபாய்த் தாள் உண்டு, அதில் ஒரு தனி ருசி. பத்து மணிக்கு உறவினர்கள் வரத் தொடங்குவார்கள். கேள்விகளும் கூடவே வரும். எவ்வளவு சம்பளம்? கம்பெனி நிலையா இருக்குமா? ஜாதகம் எடுத்தாச்சா? இதற்கு நடுவே புதுச்சட்டை கசங்காமல் சிரித்துக்கொண்டு உட்கார வேண்டும். அழகான நாள்தான். ஆனால் அன்றைக்குப் பிள்ளைக்கு விடுமுறை இல்லை, அன்றைக்கு அதற்குப் பிள்ளை வேலை.

மறுநாள் கரிநாள். மற்ற ஊர்க்காரர்கள் அதை மாட்டுப் பொங்கல் என்பார்கள். நல்ல காரியம் எதையும் அன்று தொடங்கமாட்டோம். பெண் பார்க்க வரமாட்டார்கள், ஜாதகம் எடுக்கமாட்டார்கள். இளவட்டங்களுக்கு இதைவிட நல்ல நாள் வேறென்ன வேண்டும்? காலையில் முந்தின நாள் பொங்கச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்த பழையதும், மிஞ்சிய குழம்பையும் அவியலையும் ஒன்றாகப் போட்டு வற்ற வைத்த சுண்டக்கறியும் சாப்பாடு. இந்தச் சுண்டக்கறிக்காகவே சென்னையிலிருந்து வருகிறோம் என்று சொல்கிற பிள்ளைகள் உண்டு, அதை மிகை என்று ஒதுக்க முடியாது. எந்த நகரத்து உணவகத்திலும் விலைக்குக் கிடைக்காது. முந்தின நாள் விருந்து சமைத்த வீட்டில்தான் அது பிறக்கும்.

அப்புறம் ஆறு. வடகிழக்குப் பருவமழை முடிந்த தை மாதத்தில் பாபநாசம், மணிமுத்தாறு அணைகளில் தண்ணீர் இருக்கும் காலம் அது. ஒன்று 143 அடி, மற்றது 118 அடி. இரண்டின் அளவும் தினத்தந்தியில் பார்க்காமல் இங்கே யாரும் காப்பி குடிப்பதில்லை. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும்வரை சுமார் 128 கிலோமீட்டர் ஓடுகிற ஆற்றில், பாபநாசத்திலிருந்து குறுக்குத்துறை வரை கரிநாளன்று குடும்பம் குடும்பமாகக் கட்டுச்சோறோடு வந்து இறங்குவார்கள். குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளம் வந்தால் மூழ்கும், வடிந்தால் கழுவிவிட்டு மறுபடி பூசை நடக்கும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, ஆறு இரண்டு மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது. ஒரு மாதம்கூட ஆகாமல் பொங்கல் வந்தது. ஆற்றோடு இந்த ஊருக்கு இருப்பது குடும்பச் சண்டை போன்ற உறவு: பேசாமல் இருக்க முடியாது.

ஆற்றில் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? ஒன்றும் செய்வதில்லை. படித்துறையில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் போட்டுக்கொள்வார்கள், மீன் கடிக்கும். ஒருவன் பாறையிலிருந்து குதிப்பான். ஈரத் தலையோடு புளியோதரை தின்பார்கள். சாயங்காலம் தெருவில் போட்டி: மெதுசைக்கிள், உறியடி, கயிறு இழுத்தல். பணகுடிப் பக்கம் வடலிவிளையில் பொங்கலையொட்டி இளவட்டக்கல் தூக்குகிறார்கள். நூறு கிலோவைத் தாண்டிய கற்களும் அதில் உண்டு. பெண் கொடுக்க மாப்பிள்ளையைச் சோதித்த கல் என்று சொல்வார்கள். இப்போது அங்கே பெண்களும் தூக்குகிறார்கள். ராத்திரி டவுனில் கோதுமைப் பாலும் நெய்யும் சேர்ந்த அல்வாவை வாழை இலைத் துண்டில் சுடச்சுட வாங்கித் தின்றுவிட்டு வீடு திரும்பினால் நாள் முடிந்தது. இதில் எதற்கும் பெரிய செலவு இல்லை, எதையும் யாரும் திட்டமிடவில்லை.

ஊருக்கு வராத பிள்ளைகளை மறந்துவிடக் கூடாது. உங்களை ஏற்றி வந்த பேருந்தின் நடத்துநருக்கும் 24 வயதாக இருக்கலாம். ஆஸ்பத்திரியில் இரவுப்பணிச் செவிலி, சாப்பாடு கொண்டுவரும் பையன், ஜவுளிக்கடையில் நின்றபடி வேலை செய்யும் பெண் என்று பண்டிகைக்காகவே பண்டிகை இழக்கிறவர்கள் ஒரு பெருங்கூட்டம். 1958-ல் வந்த தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாலு நாளோடு பண்டிகைக்கு ஐந்து நாள் சம்பளத்துடன் விடுமுறை தர வேண்டும் என்கிறது. அன்று வேலை வாங்கினால் இரட்டைக் கூலி, அல்லது கூலியோடு வேறொரு நாள் விடுமுறை. தொழிற்சாலைக்கும் கடைக்கும் பொருந்துகிற சட்டம் இது. கடையில் நிற்கிற பிள்ளைகளில் எத்தனை பேர் காதில் இது விழுந்திருக்கும்? உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால் சொல்லி வையுங்கள்.

வீட்டுக்குள்ளேயும் விடுமுறை கிடைக்காதவர்கள் இருக்கிறார்கள். மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2024-ல் நடந்தது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடுகிற பெண்கள் ஒரு நாளைக்கு 289 நிமிடம் அதற்குச் செலவிடுகிறார்கள், ஈடுபடுகிற ஆண்கள் 88 நிமிடம். இது வருஷம் முழுவதற்குமான சராசரி. பொங்கல் வீட்டில் இந்த இடைவெளி குறைகிறதா கூடுகிறதா என்பதை அவரவர் அடுக்களையில் எட்டிப் பார்த்தால் போதும். சென்னையிலிருந்து அண்ணனும் தங்கையும் ஒரே ரயிலில் வருகிறார்கள். இருவரும் ஒரே மாதிரி வேலை, ஒரே மாதிரி களைப்பு. வந்து இறங்கியதும் அண்ணன் படுக்கைக்குப் போகிறான், தங்கை தேங்காய் துருவ உட்காருகிறாள். அம்மாவுக்கோ கரிநாளும் இல்லை. ஆற்றுக்குப் போகிறவர்களுக்குக் கட்டுச்சோறு கிளறிக் கொடுத்துவிட்டுப் பாத்திரம் கழுவ வீட்டில் நிற்கிறாள்.

சின்ன வயதில் மார்கழியில் வாசலில் மண்ணால் சிறுவீடு கட்டி, பூசணிப்பூ வைத்து, தையில் அந்த வீட்டுக்கு முன் தனியாகப் பொங்கலிட்ட சிறுமிகள்தான் இன்று ரயிலேறி வருகிற பெண்கள். சிறுவீட்டுப் பொங்கல் வரும்போது அவர்கள் லீவு முடிந்து போயிருப்பார்கள். தங்கச்சி மகள் பொங்கலிடுவதை வீடியோ காலில் பார்த்துக்கொள்வார்கள். அவர்களுக்கு மிச்சம் இருப்பது அந்தக் கோல ராத்திரி ஒன்றுதான். அதையும் அடுக்களை தின்றுவிடக் கூடாது.

ஆகவே இங்கே உட்கார்ந்திருக்கிற தம்பிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். பொங்கலுக்கு முந்தின நாள் மத்தியானத்துக்கெல்லாம் சிறுகிழங்கு வீட்டுக்கு வந்துவிடும். அதன் தோலை எடுப்பது எவ்வளவு எரிச்சலான வேலை என்று உங்கள் அம்மாவைக் கேளுங்கள். கிழங்கைத் தண்ணீரில் ஊறப்போட்டு, சாக்குப் பையில் கட்டி, தரையில் நன்றாகத் தேயுங்கள். பாதித் தோல் போய்விடும், மீதியைக் கத்தியால் சுரண்டலாம். சேனையை வெட்டுவதற்கு முன் கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், அரிக்காது. தேங்காயையும் நீங்களே துருவிவிடுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்குள் இதெல்லாம் முடிந்தால் உங்கள் தங்கையும் மதினியும் அம்மாவும் பத்து மணிக்குத் தெருவில் கோலம் போட உட்கார்ந்துவிடலாம். கரிநாள் பாத்திரங்களும் உங்களுடையவை. அப்பாமார்களுக்கும் இது பொருந்தும்.